அம்மைப்பாலோடு மலையேறிய அழகிரி

அழகிரியின் தொழில் அம்மை குத்துவது. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தார். பிறந்தது மருங்காபுரிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமம். மழை பெய்தால் கம்பு விளையும், பெய்யாவிட்டால் செம்மண் பறக்கும். எட்டாம் வகுப்பு தேறியதும், சுகாதார இலாகாவில் பியூனாக இருந்த தாய்மாமன் கூட்டிக்கொண்டு வந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டார். ஊருக்குக் கடுதாசி எழுதும்போது ‘சர்க்கார் உத்தியோகம்’ என்று மட்டும் எழுதுவார். என்ன உத்தியோகம் என்று எழுதினால் அம்மா பயப்படுவாள். மாரியாத்தா வந்திறங்கிய இடத்துக்கெல்லாம் தேடிப் போகிற வேலை அல்லவா?

வேலை சின்னதுதான். சென்னையிலிருந்து கண்ணாடிக் குழலில் அடைத்து அம்மைப்பால் வரும். கன்றுக்குட்டியின் மேல் வளர்த்து எடுக்கிற மருந்து அது. பார்க்க நீர்த்த கஞ்சி மாதிரி இருக்கும். புஜத்தில் ஒரு சொட்டு வைத்து, சுற்றிலும் பல் வைத்த சின்ன வட்ட ஊசியை அதன்மேல் அழுத்தி ஒரு திருகு திருக வேண்டும். ஒவ்வொரு கைக்கும் ஊசியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி ஆறவிட வேண்டும். எட்டாம் நாள் கொப்புளம் எழும்பும், பொருக்குத் தட்டி உதிரும், தழும்பு நிற்கும். தழும்பு விழுந்தவர்களை அம்மை அண்டாது. மருந்தைக் குளிர்ச்சியில் வைத்திருப்பது ஒன்றுதான் பாடு. வெயிலில் காய்ந்துபோன அம்மைப்பாலும் காவேரித் தண்ணீரும் ஒன்று.

அழகிரிக்கு இலேசான கை. குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வேலை ஆகியிருக்கும். வைகுண்ட ஏகாதசிக்கு வரும் கூட்டத்தைக் காவேரிப் பாலத்து முனையில் நிறுத்தி ஒரே நாளில் நானூறு பேருக்குக் குத்தியிருக்கிறார். உத்தர வீதியில் ஒரு கோயில் வீட்டு மாமி மட்டும் இரண்டு வருஷம் பிடிகொடுக்காமல் இருந்தாள். மூன்றாம் வருஷம் அவளே ஆள் அனுப்பினாள்.

“அழகிரி, இது கன்னுக்குட்டி மேலேர்ந்து எடுக்கறதுன்னு சொல்றாளே, வாஸ்தவமா?”

“வாஸ்தவந்தாம்மா.”

“கன்னு என்ன ஆகும்?”

“அது எனக்குத் தெரியாதும்மா. கொழந்தைக்கு அம்மை வராது. அது மட்டும் தெரியும்.”

மாமி உள்ளே குழந்தைகளைத் திரும்பிப் பார்த்தாள். “சரி. பெருமாள் திருவுள்ளம். கொல்லைப்பக்கமா வா” என்றாள். அந்த வீட்டுக் குழந்தைகள் ஆறு பேருக்கும் அன்று கிணற்றடியில் வைத்துக் குத்தினார். இப்படிக் காத்திருந்து, மெல்லப் பேசி, கையை நீட்ட வைப்பதுதான் அழகிரியின் வழக்கம். அதை அவர் மீறியது ஒரே ஒரு தடவை.

1958-இல் அவரைத் துறையூர்ப் பக்கம் மாற்றினார்கள். பச்சைமலை அவர் பாகத்தில் வந்தது. மலைமேல் முகட்டை ஒட்டி மூன்று குடியிருப்புகள்: எலந்தைமேடு, தேன்பாறை, வாழைக்கோம்பை. சாமையும் தினையும் விதைத்துப் பிழைக்கிற ஜனங்கள். ஊசிக்காரன் வருகிறான் என்றால் காட்டுக்குள் போய்விடுவார்கள். அந்த வருஷம் புதிதாக வந்திருந்த மேலதிகாரி, “நீங்க கெஞ்சிக்கிட்டே இருந்தா இந்த ஜென்மத்துல முடியாது” என்று சொல்லிக் காட்டிலாகா ஆட்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டார். விடியும் நேரத்துக்கு வாழைக்கோம்பையை வளைத்தார்கள். ஒவ்வொரு குடிசையாக ஆட்களை வெளியே இழுத்து வந்து பிடித்துக்கொண்டார்கள். அழகிரி குத்திக்கொண்டே போனார். பாதியில் விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது. “சார், ஊசியைக் காட்டணும்” என்றார். “மேலே ஆகட்டும்யா, ஓடிருவானுங்க” என்றார் அதிகாரி. அழகிரி மேலே ஆகவிட்டார். அன்று எழுபத்திரண்டு கைகள். அதற்காக அவருக்கு ஒரு பாராட்டுக் காகிதம்கூட வந்தது. அதை அவர் வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டார்.

ஐந்து வருஷம் போயிற்று. அதற்கிடையில் அவர் ஏறிய போதெல்லாம் மலை ஊர்கள் காலியாகவே கிடந்தன. 1963, மாசிக் கடைசி. மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் பெரியம்மை கண்டு இரண்டு பேர் இறந்துபோனார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் சந்தைக்கு மலைக்காரர்கள் இறங்கி வந்து போயிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் இந்நேரம் அம்மை மலையேறியிருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வாழைக்கோம்பையில் குத்தினவர்களைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கப்புறம் அங்கே பிறந்த குழந்தைகளும் மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் வெறுங்கையோடு இருந்தார்கள்.

வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து போகிற அழகிரி அந்தச் சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் இருந்தார். மனைவி வெள்ளையம்மாள் சமயபுரம் பூச்சொரிதலுக்குப் பூ வாங்கி வந்து கூடையில் ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டிருந்தாள். புருஷன் பையை எடுப்பதைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இன்னிக்கேவா?”

“திங்கக்கெழமை மேல ஏறணும். அடிவாரத்துல அம்மை இறங்கிருச்சு.”

“ஊருக்காக ஆத்தா இருபத்தெட்டு நாளு பட்டினி கெடக்கப் போற நேரம். நீங்க ஊசியைத் தூக்கிட்டுப் போறீங்க.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. கல்யாணமான நாளாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். “நான் வேண்டிக்கிறேன். பாத்துப் போயிட்டு வாங்க.”

அடிவாரத்தில் மற்ற ஆட்களுக்கெல்லாம் கை நிறைய வேலை இருந்தது. காட்டிலாகாவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். அழகிரி வேண்டாம் என்றார். திங்கட்கிழமை காலை துறையூர் சோடாக்கடையில் உமிக்குள் புதைத்து வைத்திருந்த ஐஸை உடைத்து வாங்கி, தெர்மாஸ் பிளாஸ்க்கில் போட்டு, அதற்குள் குழல்களை வைத்து மூடினார். முதல் பஸ்ஸில் அடிவாரம் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. காட்டுக் காவலர் பெரியண்ணன் பாதை தொடங்கும் இடத்தில் பீடி குடித்துக்கொண்டு நின்றார்.

“தனியாவா போறீங்க?”

“ஆமாண்ணே. கூட்டமாப் போனா ஓடிருவாங்க.”

“தனியாப் போனாலும் ஓடுவாங்க. நீங்க மொத வளைவு ஏறும்போதே அங்க தெரிஞ்சிரும்.” பெரியண்ணன் பீடியைக் காலில் நசுக்கினார். “பொழுது சாயறதுக்குள்ள இறங்கிருங்க. மேக்கால கரடி இருக்கு.”

ஏற்றம் இரண்டு மணி நேரம். பாறையும் சரளையுமாகக் கால் வழுக்குகிற பாதை. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. முகட்டைத் தொட்டதும் ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கிழக்கே சமவெளி வெளிறிக் கிடந்தது. ஏரிகளெல்லாம் சில்லுக் கண்ணாடி மாதிரி மின்னின. மேற்கே மலைக்கு மேல் மலை. இனி ஏற்றம் கிடையாது. முகட்டின் முதுகிலேயே பாதை போகும். இரண்டு பக்கமும் வேங்கையும் கடுக்காய் மரமும் நெல்லியும் நெருங்கி நின்று பாதி வழிக்கு நிழல் கட்டியிருந்தன. கீழே உதிர்ந்து கிடந்த சருகு ஒவ்வோர் அடிக்கும் நொறுங்கியது. வேறு சத்தம் எதுவும் இல்லை. எங்கோ ஒரு செம்போத்து ஆழமாகக் குரல் கொடுத்து நிறுத்தும். அது நின்ற பிறகு காடு முன்னைவிட அமைதியாகத் தெரியும்.

அழகிரிக்குப் பிடித்த பாதை அது. மற்ற நாளாக இருந்தால் இந்த நிழலில் பாடிக்கொண்டே நடப்பார். அன்று பாடினால் தேவலையா, பாடாமல் போனால் தேவலையா என்று தெரியவில்லை. சத்தம் கேட்டால் ஓடிவிடுவார்கள். சத்தம் இல்லாமல் போனால் மறுபடி பதுங்கி வந்துவிட்டான் என்பார்கள். கடைசியில், நான் வருகிறேன் என்று தெரியட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டே நடந்தார்.

ஒன்பதரைக்கு எலந்தைமேட்டு எல்லை வந்தது. பாதையின் குறுக்கே முள்மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். முள்ளின்மேல் வேப்பங்கொத்து. உள்ளே வராதே என்று அர்த்தம். அழகிரி சுற்றிக்கொண்டு உள்ளே போனார். பதினைந்து குடிசைகள். ஒன்றிலும் ஆள் இல்லை. ஒரு குடிசை வாசலில் உரலில் பாதி குத்திய சாமை கிடந்தது. அடுப்பில் பானை வைத்தபடி இருந்தது. தொட்டுப் பார்த்தார். சுட்டது. கோழிகள் மட்டும் அவர் காலைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தன.

“அம்மா, ஐயா” என்று குரல் கொடுத்தார். “நான் தனியாத்தான் வந்திருக்கேன். யாரும் கூட இல்லை. கீழ ரெண்டு பேரு செத்துட்டாங்க. சின்னக் கொழந்தைகளை மட்டுமாவது கொண்டாங்க, போதும்.”

காடு கேட்டுக்கொண்டது. பதில் இல்லை. அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தார். ஐஸ் கலகலவென்று மோதியது. எழுந்து நடந்தார்.

தேன்பாறை இன்னும் இரண்டு மைல். அங்கேயும் முள், வேப்பிலை, புகைகிற அடுப்புகள். ஒரு குடிசைக்குள் தூளி கட்டியிருந்தது. உள்ளே குழந்தை இல்லை. ஆனால் தூளி இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. இந்த நிமிஷந்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அழகிரி தூளியைப் பிடித்து நிறுத்தினார். உள்ளே விரித்திருந்த பழம்புடவை ஈரமாக இருந்தது. ஆறு மாதக் குழந்தையாக இருக்கும். இந்த ஊரில் அந்த வயசில் எத்தனை, இரண்டு வயசில் எத்தனை என்று அவருக்குத் தெரியாது. கையில் நூறு பேருக்கு மருந்து இருந்தது. நீட்ட ஒரு கை இல்லை. வாசலில் நின்று மறுபடி கூப்பிட்டார். எலந்தைமேட்டில் சொன்னதையே சொன்னார். சொல்லும்போது தம் குரலே தமக்கு வேற்றாள் குரல் மாதிரி கேட்டது.

துறையூர்க் கிளப்புக்கடையில் கட்டி வாங்கிய இட்லியைப் பாதையில் ஒரு சுனையோரம் உட்கார்ந்து பிரித்தார். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. பிளாஸ்க்கை ஆட்டினார். கலகலப்பு குறைந்து, தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது. சுனைத் தண்ணீரில் தோள் துண்டை நனைத்துப் பிளாஸ்க்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

வாழைக்கோம்பை ஒன்றரை மணிக்கு வந்தது. முகடு இரண்டாகப் பிரியும் இடத்தில், பள்ளத்தைப் பார்த்த ஊர். இங்கே முள் போடவில்லை. ஊரின் கடைசிக் குடிசை வாசலில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து வேப்பிலையை உருவிக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கலாம். அவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து அவர் கண்ட முதல் மனித முகம் அதுதான்.

“உன் பேரு என்னம்மா?”

“பாப்பாயி.”

“எல்லாரும் எங்கம்மா?”

“போயிட்டாங்க.”

“நீ ஏன் போகலை?”

அவள் குடிசைக்குள் கையைக் காட்டினாள். உள்ளே இருட்டில் ஒருவன் படுத்திருந்தான். அழகிரி குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. முகம், கழுத்து, உள்ளங்கை, எங்கும் இடைவெளி இல்லாமல் முத்து. ஐந்தாம் நாள். மூச்சு விசிறி மாதிரி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. தழும்பு இருக்கிறதா என்று புஜத்தைப் பார்த்தார். அங்கேயும் முத்துதான்.

“எம் புருசன், காத்தான். அன்னிக்கு இவரு ஊர்ல இல்லை. புளி உலுக்கப் போயிருந்தாரு” என்றாள் பாப்பாயி. எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. அவளுடைய இடது புஜத்தில் காசு அகலத்துக்குத் தழும்பு தெளிவாக இருந்தது. அதனால் ஐந்து நாளாக அவனுக்குப் பக்கத்தில் இருந்தாலும் அவளுக்கு அம்மை வராது. அதை அவர் அவளுக்குச் சொன்னார்.

“ஒனக்கு வராதும்மா. ஒன் கையில இருக்கு பாரு, அதுதான் காரணம்.”

அவள் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “இவருக்குப் போடுங்க, ஐயா.”

“வந்ததுக்கப்புறம் போட்டுப் பிரயோசனம் இல்லைம்மா. வர்றதுக்கு முன்னாடி போடணும்.” அதைச் சொல்லும்போது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “கொழந்தை இருக்கா?”

அவள் வேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தாள்.

“இருந்தா சொல்லு தாயி. இவருக்கு முத்துப் போட்டு நாலஞ்சு நாளுக்குள்ள குத்திட்டா கொழந்தையைக் காப்பாத்த வழி உண்டு. இன்னிக்கு விட்டா இல்லை. இந்த மருந்தும் இன்னிக்குப் பொழுது வரைக்குந்தான்.”

பாப்பாயி வேப்பிலையைக் கீழே வைத்தாள். “மூணு வயசு. பொன்னுத்தாய்னு பேரு. தங்கச்சிகிட்டக் குடுத்து அனுப்பிட்டேன். பெரியவ ஒருத்தி இருந்தா.”

“அவ எங்க?”

“நீங்கதான் குத்துனீங்க.”

அழகிரிக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும் பிடிபடவில்லை.

“அன்னிக்கு விடியக்காலை. அவளுக்கு ஆறு வயசு. ஒரு ஆளு காலைப் பிடிச்சிக்கிட்டான், ஒரு ஆளு கையை. நீங்க குத்துனீங்க. மூணாம் நாளு கை வீங்குச்சு. தோளு வரைக்கும் வீங்குச்சு. களிமண் வச்சுக் கட்டுனோம், பச்சிலை வச்சோம். கை கருத்துப்போச்சு. பன்னெண்டாம் நாளு போயிட்டா.” அவள் சந்தையில் நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். “அவ மட்டும் இல்லை. தேன்பாறையில கட்டிக்குடுத்திருந்த எம் நாத்தனா புள்ளை, அன்னிக்கு விருந்தாடி வந்திருந்துச்சு. அதுவும் போச்சு.”

அழகிரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்பிரிட் தீர்ந்த பிறகு எத்தனை கைகள் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. முப்பதுக்கு மேல். ஒரு கையின் அழுக்கும் சீழும் அடுத்த கைக்கு, அதிலிருந்து அதற்கடுத்த கைக்கு என்று அந்த ஊசி போயிருக்கிறது. ஊசியைத் தீயில் காட்டாமல் குத்தினால் என்ன ஆகும் என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தையின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. அன்று அவர் கைகளை மட்டுமே பார்த்திருந்தார்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றார். “யாரும் சொல்லலை.”

“நாங்க யார்கிட்டச் சொல்லுவோம்?”

குடிசைக்குள் காத்தான் முனகினான். அவள் எழுந்து போய் வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாள். அழகிரி பையைத் திறந்து ஸ்பிரிட் விளக்கை எடுத்து வெளியே வைத்தார். குப்பி நிறைய ஸ்பிரிட் இருந்தது. அதை அவளுக்குக் காட்டினார்.

“அன்னிக்கு நடந்தது தப்பும்மா. மருந்து தப்பு இல்லை, ஊசி தப்பு. தீயில காட்டலை. அது எனக்குத் தெரிஞ்சேதான் நடந்துச்சு. நான் நிறுத்தியிருக்கணும், நிறுத்தலை. இன்னிக்கு ஒவ்வொருத்தருக்கும் நெருப்புல காட்டிட்டுத்தான் குத்துவேன். நீயே பக்கத்துல நின்னு பாரு. கொழந்தையைக் கொண்டா.”

அவள் விளக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்புகிற பார்வையா, இல்லையா என்று சொல்ல முடியவில்லை. “கேட்டுப் பாக்குறேன்” என்று பள்ளத்துப் பக்கம் இறங்கிப் போனாள். போகும்போது, “இவரு தண்ணி கேட்டா ரெண்டு சொட்டு விடுங்க” என்றாள்.

அழகிரி காத்தானுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு காத்திருந்தார். மணி இரண்டரை ஆயிற்று, மூன்று ஆயிற்று. வெயில் கோம்பைப் பள்ளத்துக்குள் இறங்கி நின்றது. அப்போது வீட்டுக்குப் பின்னால் லந்தானா முட்புதருக்குள்ளிருந்து ஒரு குழந்தை இருமும் சத்தம் கேட்டது. யாரோ சட்டென்று அதன் வாயைப் பொத்தினார்கள். இருபது அடி தூரம்கூட இருக்காது. அழகிரி எழுந்து நின்றார். ஊர் முழுதும் எங்கேயும் போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சுற்றிலும் புதருக்குள் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் அந்தக் குழந்தையைப் பிடித்துவிடலாம். பிடித்து, கையைத் திருப்பி, கண்மூடித் திறப்பதற்குள் குத்திவிடலாம். அது பிழைத்துக்கொள்ளும். அவர் கால் ஓர் அடி முன்னால் போயிற்று. அதற்குமேல் போகவில்லை. அந்த வாசலில் நின்றுகொண்டு இன்னொரு குழந்தையைப் பிடிக்க அவரால் முடியவில்லை.

வெளியே எல்லாரும் பார்க்கிற இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். விளக்கைக் கொளுத்தினார். சட்டைக் கையை மேலே சுருட்டினார். ஊசியைத் தீயில் காட்டி, ஆறவிட்டு, தம் புஜத்திலேயே ஒரு சொட்டு வைத்துத் திருகினார். “பாருங்க” என்று புதரைப் பார்த்துச் சொன்னார். “நெருப்புல காட்டிட்டேன். என் கையிலயே குத்திக்கிட்டேன். ஒண்ணும் ஆகாது. யாரையும் பிடிக்க மாட்டேன். நீங்களா வந்தாப் போதும்.”

இலை அசையவில்லை. விளக்கு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது.

பாப்பாயி நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். தனியாக வந்தாள்.

“தங்கச்சி தரமாட்டேங்குறா” என்றாள். “நான் கேட்டேன். ஊர்ல யாரும் ஒத்துக்கலை.”

“நீ தாய். நீ தூக்கிட்டு வரலாமில்ல?”

“தூக்கிட்டு வந்து இவளுக்கும் அப்படி ஆச்சுன்னா?”

ஆகாது என்று ஆயிரம் தடவை சொல்லலாம். சொல்லுகிறவன் யார் என்று பார்க்க வேண்டாமா? பிளாஸ்க்கைத் திறந்தார். ஐஸ் ஒரு துண்டு இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குழல்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கரடியைப் பற்றிப் பெரியண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. எழுந்தார்.

“கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தா வேற கொழந்தைக கூட விடாதே. வெந்நீர் ஆறவச்சுக் குடு. கண்ணுல முத்து வராம பாத்துக்க, சுத்தத் தண்ணியால கழுவிக்கிட்டே இரு.” அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது. அவள் தலையாட்டினாள்.

வந்த முகட்டுப் பாதையிலேயே திரும்பினார். மேற்கு வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்து விழுந்து சருகெல்லாம் பொன்னாகக் கிடந்தது. தேன்பாறையில் அவர் நுழைவதற்குள் மறுபடி ஊர் காலியாகியிருந்தது. எலந்தைமேட்டில் யாரோ உரலில் கிடந்த சாமையைக் குத்தி முடித்து அள்ளியிருந்தார்கள். எங்கேயும் அவர் கூப்பிடவில்லை. இருட்டுவதற்குள் அடிவாரம் வந்தார். பெரியண்ணன், “எத்தனை பேரு?” என்று கேட்டார். “ஒண்ணு” என்றார் அழகிரி, புஜத்தைத் தடவிக்கொண்டே.

மறுபடி ஐஸ் வாங்கிக்கொண்டு அந்த வாரத்தில் இரண்டு தடவை ஏறினார். இரண்டு தடவையும் அப்படியேதான். கூட ஆள் அனுப்பட்டுமா என்று மேலிடத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தது சரியா என்று அவருக்கே தெரியவில்லை. பலவந்தமாகக் குத்தியிருந்தால் சில பேர் பிழைத்திருப்பார்கள். பங்குனி முடிவதற்குள் மூன்று ஊரிலும் சேர்த்துப் பதினோரு பேர் இறந்துபோனதாகச் சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். எட்டு பேர் சிறு குழந்தைகள். அந்த இருமின குழந்தை யாருடையது, அது இருக்கிறதா இல்லையா என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

சித்திரையில் ஒரு சந்தை நாள். துறையூரில் சுகாதார ஆபீஸ் வாசலில் பாப்பாயி நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. முகமெல்லாம் குழிக்குழியாக வடு ஆறியிருந்தது. வலது கண்ணில் பூ விழுந்து வெள்ளையாக இருந்தது.

“பொன்னுத்தாயா?” என்றார்.

“ஆமாங்க. பொழைச்சுக்கிட்டா. அவரு நீங்க வந்த மறாநாளே போயிட்டாரு.” குழந்தையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். “இப்பப் போடலாங்களா? போட்டா இந்தக் கண்ணு தெளியுங்களா?”

முப்பது மைல் நடையும் பஸ்ஸுமாக அவள் அதைக் கேட்பதற்காகத்தான் வந்திருந்தாள். ஊசியால் கண் தெளியாது என்று அழகிரி சொன்னார்; ஆனால் அவளை அங்கேயே விட்டுவிட மனமில்லாமல் ஸ்ரீரங்கத்துக்குத் தம் வீட்டுக்கே கூட்டி வந்தார். வெள்ளையம்மாள் யார் என்ன என்று கேட்காமல் குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். மறுநாள் திருச்சியில் கண் டாக்டர் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு கண்ணுக்குப் பங்கம் இல்லை, இது இவ்வளவுதான் என்றார். பாப்பாயி அதைப் புரிந்துகொள்ள இரண்டு தடவை கேட்டாள்.

அன்று சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும்போது, “நீங்க சொன்ன மாதிரி கண்ணைக் கழுவிக்கிட்டேதான் இருந்தேன்” என்றாள். குற்றம் சொல்லவில்லை, தன் பக்கம் குறை இல்லை என்று சொன்னாள். குழந்தை நல்ல கண்ணால் பஸ் ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வெள்ளையம்மாள் கேட்டாள். அவர் 1958-இலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுதும் கேட்டுவிட்டு உள்ளே போய் விளக்கேற்றினாள்.

அழகிரி வேறு இடத்துக்கு மாற்றல் கேட்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை அந்த முகட்டுப் பாதையில் தனியாகப் போய்வந்தார். அடுத்த வருஷம் ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. 1966-இல் வாழைக்கோம்பையில் மட்டும் நாலு பேர் வந்து விளக்கிலிருந்து தள்ளி உட்கார்ந்தார்கள். பொழுது சாயும் வரை ஊசி தீயில் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர்களில் இரண்டு பேர் கையை நீட்டினார்கள். மற்ற இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.